ஊராரிடம் காசு வாங்கிப் படம் எடுத்தவர்

சினிமாப் படம் எடுக்கப் பணம் வேண்டும். அதைப் பட அதிபர் போடுவார். அவருக்கு வட்டிக்குக் கொடுப்பவர் ஒருவர் இருப்பார். படத்தை வாங்கி ஊர் ஊராகத் திரையிடும் வினியோகஸ்தர் முன்பணம் தருவார்.

பணம் போட்டவர்கள் சும்மா இருப்பார்களா? "பாட்டு வை" என்பார் ஒருவர். "சண்டை வை" என்பார் மற்றவர். டைரக்டர் தலையை ஆட்ட வேண்டும்.

தலையை ஆட்ட மறுத்த ஒருவர் கேரளத்தில் இருந்தார். அவர் பெயர் ஜான் ஆபிரகாம். (இதே பெயரில் உள்ள இந்தி நடிகர் வேறு, இவர் வேறு.)

வேலையை விட்டார்

ஜான் ஆபிரகாம் 1937-ம் ஆண்டு பிறந்தார். பட்டம் பெற்றதும் ஆயுள் இன்சூரன்சு நிறுவனத்தில் வேலை கிடைத்தது. மாதம் பிறந்தால் சம்பளம். யார்தான் அதை விடுவார்கள்? அவர் விட்டார்!

பூனா திரைப்படக் கல்லூரியில் சேர்ந்தார். வங்காள டைரக்டர் ரித்விக் கட்டக் அங்கே பாடம் சொல்லிக் கொடுத்தார். ஜான் அவருக்குப் பிரியமான மாணவர் ஆனார்.

முதல் படம் 1972-ல் மலையாளத்தில் வந்தது.

கழுதைக்கு எதிர்ப்பு

அடுத்த படம் தமிழ்ப் படம்! பெயர் "அக்கிரகாரத்தில் கழுதை". ஆண்டு 1977. திரைக்கதை எழுதியவர் விமர்சகர் வெங்கட் சாமிநாதன்.

தாயை இழந்த கழுதைக் குட்டி ஒன்று, கல்லூரிப் பேராசிரியர் ஒருவரின் வீட்டு வாசலுக்கு வருகிறது. அவர் இரக்கப்பட்டு வளர்க்கிறார். கூட வேலை பார்ப்பவர்கள் கேலி செய்கிறார்கள். குட்டியைச் சொந்த ஊர் அக்கிரகாரத்தில் கொண்டுபோய் விடுகிறார். அங்கே ஓர் ஊமைப் பெண் அதைப் பார்த்துக் கொள்கிறாள்.

ஊரில் எது கெட்டாலும் பழி கழுதையின் மேல்தான். கடைசியில் அதைக் கொன்று விடுகிறார்கள். கொன்ற பிறகு நல்லது நடப்பதுபோல் தெரிகிறது. உடனே அதே கழுதையைக் கும்பிடத் தொடங்குகிறார்கள்!

பேராசிரியராக நடித்தவர் இசை அமைப்பாளர் எம்.பி.சீனிவாசன்.

சிறந்த தமிழ்ப் படம் என்று தேசிய விருது கிடைத்தது. எதிர்ப்பும் கிளம்பியது. 1989-ல் தூர்தர்ஷனில் காட்ட இருந்ததும் நிறுத்தப்பட்டது. விருது கொடுத்ததும் அரசு, டெலிவிஷனும் அரசினுடையது. வேடிக்கைதான்!

பறை அடித்து வசூல்

1979-ல் மலையாளத்தில் இன்னொரு படம் எடுத்தார். அதில் நடித்த அடூர் பாசிக்குக் கேரள அரசின் சிறந்த நடிகர் விருது கிடைத்தது. ஆனாலும் அடுத்த படத்துக்குப் பட அதிபரைத் தேடி ஜான் போகவில்லை.

1984-ல் நண்பர்களுடன் சேர்ந்து "ஒடேசா" என்ற குழுவை அமைத்தார். ஒடேசா, கருங்கடல் கரையில் உள்ள துறைமுகம். "போர்க்கப்பல் பொட்டெம்கின்" என்ற பழைய சோவியத் படத்தில் அந்த ஊரின் படிக்கட்டுக் காட்சி புகழ் பெற்றது.

குழுவினர் ஊர் ஊராகப் போனார்கள். பறை அடித்துக் கூட்டம் சேர்த்தார்கள். சார்லி சாப்ளினின் "தி கிட்" படத்தைத் திரை கட்டிக் காட்டினார்கள். கைவிடப்பட்ட குழந்தையை ஓர் ஏழை வளர்க்கும் கதை அது. பேச்சே இல்லாத படம். எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கும் புரியும். அந்தப் படத்தைக் காட்டித்தான் புதுப் படத்துக்குக் காசு கேட்டார்கள். ஜனங்கள் முடிந்ததைக் கொடுத்தார்கள்.

சில்லறை சேர்த்துச் சினிமாவா என்று யாருக்கும் சந்தேகம் வரும். ஆனால் படம் முடிந்தது! 1986-ல் வெளிவந்த "அம்ம அறியான்" அதுதான். "அம்மா அறிவதற்காக" என்று பொருள்.

டெல்லிக்குப் புறப்பட்ட இளைஞன் வழியில் ஒரு பிணத்தைப் பார்க்கிறான். எங்கோ பார்த்த முகம். பயணத்தை நிறுத்திவிட்டு விசாரிக்கிறான். இறந்தவன் தபேலா வாசிக்கும் ஹரி. அவனுடைய தாய்க்கு யார் சொல்வது? இளைஞன் கொச்சிக்குப் புறப்படுகிறான். வழியில் ஹரியின் நண்பர்கள் ஒவ்வொருவராகச் சேர்ந்து கொள்கிறார்கள். பெற்ற வயிற்றிடம் அந்தச் செய்தியைச் சொல்லத்தான் அத்தனை பேரும் போகிறார்கள்.

இந்தப் படத்தை வினியோகஸ்தரிடம் விற்கவில்லை. புரொஜெக்டரை ஊர் ஊராகச் சுமந்து சென்று, காசு கொடுத்த ஜனங்களுக்கே காட்டினார்கள். ஜானுக்குத் தேசிய விருதுக் குழுவின் சிறப்புப் பரிசும், வேணுவுக்கு ஒளிப்பதிவு விருதும் கிடைத்தன.

அடுத்த படத்துக்குக் காலம் இடம் கொடுக்கவில்லை. ஜானின் வாழ்க்கை நாடோடி வாழ்க்கை. குடிப் பழக்கமும் உண்டு. 1987 மே மாதக் கடைசியில் கோழிக்கோட்டில் ஒரு கட்டிடத்தின் மேலிருந்து தவறி விழுந்து இறந்தார். அப்போது வயது 49. அவர் எடுத்து முடித்த முழுநீளக் கதைப் படங்கள் நான்கே.