இலையில் விஷம் இருக்கட்டும், விதையில் வேண்டாம்! பருத்தியை மாற்றிய மரபணு சுவிட்ச்

புதுச்சேரி காலாப்பட்டில் பல்கலைக்கழக மாணவர்களுக்கு ‘புரமோட்டர்’ என்பது உயிரித் தொழில்நுட்பப் பாடம். ஊருக்குள் மாடு வைத்திருப்பவர்களுக்குப் பருத்திக்கொட்டை அன்றாடத் தீவனம். இரண்டுக்கும் ஒரு தொடர்பு இருக்கிறது.

பருத்திக்கொட்டையில் ஏறக்குறைய 22 சதவிகிதம் புரதம். பருத்திப்பாலாகக் காய்ச்சிக் குடிக்கிறோம்தான். ஆனால், பருப்பு போலத் தினமும் சாப்பிட முடியாது. காரணம், அதிலுள்ள ‘காசிபால்’ என்ற நச்சு. அசைபோடும் மாட்டின் வயிறு அதை ஓரளவு சமாளித்துவிடும். நம் வயிறு சமாளிக்காது.

காசிபால் இல்லாத பருத்தியை 1950-களிலேயே அமெரிக்காவில் உருவாக்கினார்கள். பூச்சிகளுக்குக் கொண்டாட்டம்! செடிக்குக் காவலே அந்த நச்சுதான்.

அப்படியானால் இலையில் மட்டும் நச்சை வைத்துக்கொள்ள முடியுமா?

செடியின் எல்லா செல்களிலும் ஒரே மரபணுக்கள்தான். எது, எங்கே வேலை செய்யவேண்டும் என்பதைத் தீர்மானிப்பதில் முக்கியப் பங்கு, மரபணுவுக்கு முன்னால் இருக்கும் புரமோட்டர் என்ற டி.என்.ஏ பகுதிக்கு. வீட்டுக்கு ஒரே மின் இணைப்பு, அறைக்கு அறை தனி சுவிட்ச் என்பது மாதிரி.

இந்தியாவில் பிறந்து, டெக்சாஸில் ஆய்வு செய்த கீர்த்தி ராத்தோரின் குழு, விதையில் மட்டும் இயங்கும் புரமோட்டரைப் பருத்தியிலிருந்தே எடுத்தது. காசிபால் தயாரிக்கும் நொதியின் மரபணுவை அடக்கும் துண்டை அதோடு இணைத்தது. விதையில் நச்சு வெகுவாகக் குறைந்தது; இலையில் அப்படியே இருந்தது. 2006-ல் ஆய்வு வெளியானது. 2018-ல் சாகுபடிக்கும், 2019-ல் உணவுக்கும் அமெரிக்கா பச்சைக்கொடி காட்டியது.

ஒரு கிலோ பஞ்சு எடுத்தால், கூடவே ஒன்றரைக் கிலோவுக்கு மேல் விதை கிடைக்கிறது. மாட்டுக்குப் போகும் அந்தப் புரதம் மனிதர்களுக்கும் உணவாகும் வழியைத் திறந்தது, ஒரு சின்ன சுவிட்ச்!