எண்ணூரில் இன்னும் எடுக்காத படம்

பிழைக்கப் போன இடத்தில் ஒரு தொழிலாளி ஆபத்தில் மாட்டிக்கொள்ளும் கதையைத் தமிழில் ஒருமுறை உலகமே திரும்பிப் பார்க்கும்படி எடுத்தோம். வெற்றிமாறனின் ‘விசாரணை’. 2015-ல் வெனிஸ் திரைப்பட விழாவுக்குப் போனது. 2016 பிப்ரவரியில் இங்கே திரைக்கு வந்தது. பாட்டு இல்லை, வெளிநாட்டுப் படப்பிடிப்பு இல்லை, இரண்டு மணி நேரம்கூட ஓடாது. மூன்று தேசிய விருதுகள் வாங்கியது. ஆஸ்கர் போட்டிக்கு இந்தியாவின் சார்பில் அனுப்பப்பட்டது. கோவையில் ஆட்டோ ஓட்டிய மு.சந்திரகுமார், 1983-ல் குண்டூர் காவல் நிலையத்தில் தான் பட்ட சித்திரவதையை ‘லாக்கப்’ என்று நாவலாக எழுதினார். அதுதான் படத்துக்கு மூலம்.

அந்தப் படத்தில் அடி வாங்குகிறவன் தமிழன். தங்க இடமில்லாமல் குண்டூர் பூங்காவில் படுத்துத் தூங்குகிற கூலித் தொழிலாளி. செய்யாத திருட்டை ஒப்புக்கொள்ளச் சொல்லி அடிக்கிறார்கள். அவனுக்குத் தெலுங்கு தெரியாது. அடிப்பவர்களுக்குத் தமிழ் தேவையில்லை. நீதிமன்றக் காட்சியை இன்னொரு முறை பாருங்கள். வேறு வேலையாக அங்கே வந்திருந்த ஒரு தமிழ்நாட்டு இன்ஸ்பெக்டர் மொழிபெயர்த்துச் சொல்கிறார். அதற்குப் பிறகுதான் அவனும் அவனோடு பிடிபட்ட மூன்று பேரும் குற்றமற்றவர்கள் என்பதே நீதிபதிக்குப் புரிகிறது. அவர் அன்றைக்கு அங்கே வராமல் இருந்திருந்தால்? அந்தக் கேள்வி படம் முடிந்து வீட்டுக்கு வந்த பிறகும் தொண்டையில் நின்றது.

பத்து வருடங்கள் ஆகிவிட்டன. இன்றைக்கு அந்தப் பூங்காவில் படுத்திருக்கிறவன் எண்ணூரில் இருக்கிறான். அவன் பேசுவது அஸ்ஸாமி, ஒடியா, போஜ்புரி, வங்காளி. அவனை மையமாக வைத்து வடசென்னையில் ஒரு குற்றப் படம் எடுக்க நமக்கு இன்னும் கை வரவில்லை.

சென்ட்ரலில் இருந்து கும்மிடிப்பூண்டி போகும் மின்சார ரயிலில் அதிகாலையில் ஏறிப் பாருங்கள். கொருக்குப்பேட்டை, தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், விம்கோ நகர், கத்திவாக்கம், எண்ணூர். அதைத் தாண்டினால் அத்திப்பட்டு புதுநகர். ஒரு பக்கம் அனல் மின்நிலையப் புகைபோக்கிகள், இன்னொரு பக்கம் சாம்பல் படிந்த உப்பங்கழி, நடுவில் கன்டெய்னர் லாரிகளின் வரிசை. கழுத்தில் கேட் பாஸ், கையில் மஞ்சள் ஹெல்மெட்டோடு பையன்கள் கூட்டமாக இறங்குவார்கள். பாதிப் பேருக்கு மீசைகூடச் சரியாக அரும்பியிருக்காது. போட்டிருக்கும் பாதுகாப்பு ஷூ அவர்கள் காலுக்காக வாங்கியதல்ல என்பது நடையிலேயே தெரியும். வாசலில் ஒருவர் பேப்பரும் பால்பாயின்ட் பேனாவுமாக நிற்பார். மேஸ்திரி என்போம் நாம். அவர்கள் டேக்கேதார் என்பார்கள். அவர் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. தலையை எண்ணுகிறார். எண்ணிக்கை சரியாக இருந்தால் வேன் கிளம்பிவிடும்.

ஒரு துப்பறியும் கதைக்கு இதைவிட நல்ல முதல் காட்சி எனக்குத் தோன்றவில்லை. காலையில் எண்ணியபோது இருபது பேர். மாலையில் எண்ணும்போது பத்தொன்பது.

2025 செப்டம்பர் 30 அன்று இந்த வட்டாரத்தில் அப்படித்தான் எண்ண நேர்ந்தது. மின்வாரியத்துக்காக பெல் நிறுவனம் கட்டிவரும் எண்ணூர் சிறப்புப் பொருளாதார மண்டல அனல் மின்நிலையத்தில், உயரத்தில் வளைவு அமைக்கும் வேலையின்போது சாரம் சரிந்தது. 9 தொழிலாளர்கள் இறந்தார்கள். அஸ்ஸாம் பக்கத்திலிருந்து வந்தவர்கள். உடல்கள் ஸ்டான்லி மருத்துவமனைக்கு வந்தன. மாநில அரசு குடும்பத்துக்கு 10 லட்சம் ரூபாய் அறிவித்தது, பிரதமர் 2 லட்சம் அறிவித்தார். இரண்டு நாள் செய்தி. சாரம் எப்படிச் சரிந்தது, அதைக் கட்டியவர் யார், கட்டியதைச் சரிபார்த்துக் கையெழுத்துப் போட்டவர் யார் என்பதெல்லாம் ஊர்ப் பேச்சில் நிற்கவே இல்லை. உள்ளூரில் ஒரு வார்டு கவுன்சிலர் வெட்டப்பட்டிருந்தால் மூன்று மாதம் பேசியிருப்போம்.

அதற்குக் கிட்டத்தட்ட ஒரு மாதம் முன்பு, பக்கத்துக் காட்டுப்பள்ளியில், தொழிலாளர் குடியிருப்பில் உத்தரப் பிரதேசத்துக்காரர் ஒருவர் விழுந்து இறந்தார். உடன் வேலை செய்தவர்கள் இழப்பீடு கேட்டுக் கூடினார்கள். கல்வீச்சு, கண்ணீர்ப்புகை, கைது என்று முடிந்தது. மறுநாள் தலைப்புகளில் பெரிதாக இருந்தது கல்வீச்சு. இறந்தவர் உள்ளே எங்கோ இருந்தார்.

சாரத்திலிருந்து விழுந்த புலம்பெயர் தொழிலாளியை வைத்து உலகம் மதிக்கும் ஒரு குற்றப் படம் ஏற்கெனவே இருக்கிறது. பெல்ஜியத்தின் தார்தென் சகோதரர்கள் 1996-ல் எடுத்த ‘லா ப்ரொமெஸ்’. இரும்பாலைகள் ஓய்ந்துபோன, ஆற்றங்கரைத் தொழில் நகரம் ஒன்றில் கதை நடக்கிறது. நம் எண்ணூர் மாதிரி ஊர்தான். அனுமதிச் சீட்டு இல்லாத வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்கு வீடு கொடுத்து, வேலை வாங்கி, இரண்டிலும் சுரண்டுகிறான் ஒருவன். அவனுக்குப் பதினைந்து வயதில் ஒரு மகன். லேபர் இன்ஸ்பெக்டர்கள் வருகிறார்கள் என்று எல்லாரும் ஓடும் அவசரத்தில், ஆப்பிரிக்காவிலிருந்து வந்த ஹமிது சாரத்திலிருந்து விழுந்துவிடுகிறான். உயிர் இருக்கிறது. என் பெண்டாட்டி பிள்ளையைப் பார்த்துக்கொள் என்று அந்தப் பையனிடம் வாக்குக் கேட்கிறான். மருத்துவமனைக்குக் கொண்டுபோனால் கேள்வி வரும் என்று அப்பன் மறுக்கிறான். ஹமிது இறக்கிறான். அப்பனும் மகனும் சேர்ந்து உடலை மறைக்கிறார்கள். புருஷன் எங்கே என்று தேடுகிறாள் மனைவி. பையனுக்கு உண்மை தெரியும். அவ்வளவுதான் படம்.

துப்பாக்கி ஒருமுறைகூட வெடிக்காத படம் அது. என்றாலும் நம்மால் மூச்சு விட முடியாது. கொலைகாரன் யார் என்பது நமக்கு முதலிலேயே தெரியும். அந்தப் பெண்ணுக்கு எப்போது தெரியும் என்பதுதான் பதைபதைப்பு. தோளில் கேமராவைத் தூக்கிக்கொண்டு, உண்மையான வீடுகளிலும் தெருக்களிலும் குறைந்த செலவில் எடுத்தார்கள். நம் ஊரில் ‘துருவங்கள் பதினாறு’, ‘மாநகரம்’, ‘8 தோட்டாக்கள்’ என்று 2016, 2017-ல் சின்னச் செலவில் வந்த குற்றப் படங்கள், இந்த வகைக்குப் பணத்தைவிடக் கதைதான் முக்கியம் என்பதைக் காட்டிவிட்டன. அதனால் செலவைக் காரணம் சொல்ல வேண்டாம். யாருடைய பயத்தைக் கதையாக்குகிறோம் என்பதில்தான் நமக்குத் தடங்கல்.

நம் திரையில் வடக்கிலிருந்து வருகிறவன் பெரும்பாலும் பயத்தைக் கொண்டுவருகிறவனாகவே வந்திருக்கிறான். 2005 ஜனவரியில் கும்மிடிப்பூண்டி சட்டமன்ற உறுப்பினர் சுதர்சனம் அவர் வீட்டிலேயே கொள்ளையர்களால் கொல்லப்பட்டார். அந்த பவாரியா கும்பலைத் தேடிய வழக்கை வைத்து ‘தீரன் அதிகாரம் ஒன்று’ வந்தது. விறுவிறுப்பான படம், மறுக்க மாட்டேன். நடந்த குற்றம் கொடூரமானது, பிடித்த போலீசாரின் உழைப்பும் உண்மை. ஆனால் ஒரு கும்பலின் கதை ஒரு திசையின் கதையாக நம் மனதில் தங்கிவிட்டது. 2012 பிப்ரவரி 23 நள்ளிரவில் வேளச்சேரியில், வங்கிக் கொள்ளையர்கள் என்று சொல்லி 5 பேரைப் போலீஸ் சுட்டுக் கொன்றது. அதற்குப் பிறகு சென்னை முழுக்க வாடகைக்கு இருப்பவர்களின் விவரங்களைக் காவல் நிலையத்தில் கொடுக்க வேண்டும் என்று உத்தரவு வந்தது. அந்த நாட்களில் இந்தி பேசிய பையன்களுக்கு வீடு கிடைப்பதே பெரும்பாடானது.

பயம் எதிர்த் திசையிலும் ஓடியது. 2023 பிப்ரவரி, மார்ச்சில், தமிழ்நாட்டில் பீகார்க்காரர்களை வெட்டிக் கொல்கிறார்கள் என்று பொய்க் காணொளிகள் பரவின. வேறெங்கோ நடந்த கொலைகளின் காட்சிகள் அவை. பீகார் சட்டமன்றம் கொந்தளித்தது, அங்கிருந்து குழு வந்து விசாரித்தது, பொய் பரப்பிய யூடியூபர் கைதானார். செய்தி பொய்தான், ஆனால் ஊரில் இருந்த தாய்மாருக்கு ஏற்பட்ட பயத்தைப் பொய் என்று சொல்ல முடியுமா?

நேர்மையாக முயன்ற ஒருவரைச் சொல்லாமல் விடக்கூடாது. பாஸ்கர் சக்தி 2024-ல் இயக்கிய ‘ரயில்’. வடக்கிலிருந்து வந்த பக்கத்து வீட்டுத் தொழிலாளியைக் கண்டாலே எரிச்சல்படும் ஒரு தமிழ் எலெக்ட்ரீஷியனின் கதை. முதலில் ‘வடக்கன்’ என்றுதான் பெயர் வைத்தார். தணிக்கையில் அந்தப் பெயருக்கு அனுமதி கிடைக்கவில்லை. டீக்கடையில் நாள் முழுக்கச் சொல்கிற சொல் போஸ்டரில் வரக்கூடாது என்றாகிவிட்டது.

வடசென்னைக்காரர்களுக்கு ஒன்றை நினைவுபடுத்த வேண்டும். நம் சென்னைத் துறைமுகம் ஆட்களை ஏற்றி அனுப்பிய துறைமுகம். ரங்கூனுக்கும் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் கங்காணி கை காட்டிய பக்கம் போன நம் பாட்டன்கள் இங்கேதான் கப்பலேறினார்கள். ‘ரஜுலா’ கப்பலின் பெயர் இன்னும் சில வீடுகளில் புழங்குகிறது. பர்மாவிலிருந்து விரட்டப்பட்டுத் திரும்பியவர்களுக்கு வியாசர்பாடியும் எண்ணூரும் இடம் கொடுத்தன. கடற்கரை ரயில் நிலையத்துக்கு எதிரே பர்மா பஜார் அப்படித்தான் முளைத்தது. 1856-ல் ராயபுரத்திலிருந்து முதல் ரயில் கிளம்பிய நாளிலிருந்து இந்த மண்ணின் உழைப்பெல்லாம் வந்தேறியவர்களின் உழைப்புதான். அவ்வளவு தூரம் போக வேண்டாம். 2015 ஏப்ரல் 7 அன்று சேஷாசலம் காட்டில் ஆந்திரப் போலீஸ் சுட்டதில் 20 பேர் செத்தார்கள். கூலிக்கு மரம் வெட்டப் போன நம் மலை மக்கள். அன்றைக்கு நாம் கேட்ட கேள்விகள் எல்லாம் நியாயமான கேள்விகள். அதே கேள்விகளை எண்ணூரில் இறந்தவர்களுக்காகவும் கேட்க வேண்டும்.

எண்ணூரில் இந்தப் படத்தை எடுப்பவருக்குக் கதை முடிச்சு சட்டப் புத்தகத்திலேயே இருக்கிறது. 1979-ல் மாநிலம் விட்டு மாநிலம் போகும் தொழிலாளருக்கென்று ஒரு சட்டம் வந்தது. ஒவ்வொருவருக்கும் படம் ஒட்டிய பாஸ்புக் கொடுக்க வேண்டும், ஊர் விட்டு வந்ததற்குத் தனிப்படி கொடுக்க வேண்டும். ஒருவர் இறந்தால் இரண்டு மாநில அதிகாரிகளுக்கும் குடும்பத்துக்கும் ஒப்பந்ததாரர் தகவல் சொல்ல வேண்டும். 5 பேரைக் கூட்டிவந்தாலே சட்டம் பொருந்தும். 2025 நவம்பர் 21 முதல் அந்தச் சட்டம் போய், புதிய தொழிலாளர் தொகுப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்திருக்கிறது. அந்த 5 இப்போது 10 ஆகிவிட்டது. ஒன்பது பேரை வைத்து வேலை வாங்கும் சின்ன டேக்கேதார் வெளியே தப்பிக்கும் இடைவெளி அது. பெரிய நிறுவனம், அதற்குக் கீழே ஒப்பந்ததாரர், அவருக்குக் கீழே உள் ஒப்பந்ததாரர், கடைசியில் ஊரிலிருந்து ஆள் கூட்டிவந்த அண்ணன் முறைக்காரன். விழுந்து இறந்தவன் யாருடைய தொழிலாளி என்று கேட்டால் ஒவ்வொருவரும் கீழே கை காட்டுவார்கள். கடைசி ஆளின் செல்போன் அணைந்திருக்கும். வருகைப் பதிவேட்டில் அன்றைய பக்கம் இருக்குமா? அதில் அவன் பெயர் சரியாக எழுதியிருக்குமா? கொலையைத் துப்புத் துலக்குவதைவிடப் பதைபதைப்பானது, இறந்தவன் யார் என்று துப்புத் துலக்குவது.

அந்த விசாரணையை யார் செய்வார்? அஸ்ஸாமிலிருந்து மூன்று நாள் ரயிலில் வந்து இறங்கும் ஒரு தங்கையாக இருக்கலாம். அவளுக்கு இந்த ஊரில் ஒரு வார்த்தை புரியாது. ஸ்டான்லி மருத்துவமனை வாசலில் எந்த வரிசையில் நிற்க வேண்டும் என்றுகூடத் தெரியாது. அவளோடு வர ஒரு வடசென்னைக்காரர் வேண்டும். ஆட்டோ ஓட்டுகிறவராக இருந்தால் சந்திரகுமாருக்கு நாம் செய்யும் மரியாதையாகவும் இருக்கும்.

இதைப் படிக்கிற உதவி இயக்குநர்கள் யாராவது இருந்தால், ஒரு நாள் அந்த ரயிலில் ஏறி அத்திப்பட்டு புதுநகரில் இறங்குங்கள். வடசென்னை என்றாலே திரையில் வரும் கத்தியையும் கேரம் போர்டையும் இந்த ஒரு படத்துக்கு வீட்டில் விட்டுவிடுங்கள். ஒரு வேண்டுகோள் மட்டும்: ‘விசாரணை’யில் ஆந்திரப் போலீஸ் தெலுங்கிலேயே பேசியதுபோல, உங்கள் படத்தில் அந்தத் தங்கை அஸ்ஸாமியிலேயே பேசட்டும். டப்பிங் வேண்டாம். கீழே தமிழில் எழுத்துப் போடுங்கள், நாங்கள் படித்துக்கொள்கிறோம்.