சிக்கனம் உருவத்தில் இருக்கிறது

சமதளச் சாலையில் மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் சீராக ஓட ஒரு காருக்கு எவ்வளவு சக்தி தேவை? ஜெர்மனியின் ஃபோக்ஸ்வாகன் நிறுவனம் உருவாக்கிய எக்ஸ்எல்1 காருக்கு 8.4 குதிரைத்திறன் போதும். நம் சாலைகளில் பால் கேன் கட்டிக்கொண்டு போகும் 100 சிசி மோட்டார் சைக்கிளின் எஞ்சினே ஏறக்குறைய அவ்வளவு தரும். 2011-இல் கத்தார் வாகனக் கண்காட்சியில் மாதிரியாக வந்து, 2013-இல் ஜெனீவாவில் விற்பனை வடிவம் பெற்ற இந்த ஹைப்ரிட் காரைப் பற்றிப் பேசுபவர்கள், 100 கிலோமீட்டருக்கு 0.9 லிட்டர் டீசல் என்ற கணக்கைச் சொல்லி, அந்தப் பெருமையை மின்மோட்டாருக்குக் கொடுத்துவிடுகிறார்கள். உண்மையில் அந்தச் சிக்கனத்தில் பெரும்பங்கு, மோட்டாரைப் பற்றி யோசிப்பதற்கு முன்பே காரின் உருவத்திலும் எடையிலும் சம்பாதிக்கப்பட்டுவிட்டது.

இதற்கு முதல் சாட்சி, எக்ஸ்எல்1-இன் மூதாதையான ஒரு சோதனைக் கார். 2002-இல் நிறுவனத் தலைவர் ஃபெர்டினாண்ட் பியெச் அதைத் தாமே ஓட்டிக்கொண்டு வுல்ஃப்ஸ்பர்கிலிருந்து ஹாம்பர்குக்குப் பங்குதாரர் கூட்டத்துக்குப் போனார். எடை 290 கிலோ. ஒரே சிலிண்டர் கொண்ட 0.3 லிட்டர் டீசல் எஞ்சின், 8.5 குதிரைத்திறன். செலவு 100 கிலோமீட்டருக்கு 0.89 லிட்டர். அதில் ஹைப்ரிட் அமைப்பு கிடையாது. ஆனால் இருவர் ஒருவர் பின் ஒருவராக ஒடுங்கி உட்கார வேண்டும். அப்படிப்பட்ட காரை யார் வாங்குவார்கள்? எக்ஸ்எல்1-இல் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்காரலாம். அந்த வசதியும் பாதுகாப்பும் சேர்ந்தபோது எடை 795 கிலோவாக ஏறியது. ஏறிய செலவை ஈடுகட்டத்தான் மின்மோட்டார் வந்து சேர்ந்தது.

சிக்கனத்தின் எதிரிகளில் பெரியது காற்று. வேகம் இரு மடங்கானால் காற்றின் தடை நான்கு மடங்காகும். அதை வெல்லத் தேவையான சக்தி எட்டு மடங்காகும். ஆகவே வடிவமைப்பாளர்கள் எக்ஸ்எல்1-ஐத் தரையோடு படுக்க வைத்தார்கள்: உயரம் 1.15 மீட்டர்தான், நின்றால் ஒரு ஆளின் மார்பு வரைகூட வராது. பயணியின் இருக்கையைச் சற்றே பின்னுக்குத் தள்ளியதால் இருவரின் தோள்களும் இடிக்கவில்லை, காரின் அகலமும் குறைந்தது. நீர்த்துளி போல வால் பக்கம் ஒடுங்குகிறது. பின் சக்கரங்கள் மூடியிருக்கின்றன. பக்கவாட்டில் துருத்தி நிற்கும் கண்ணாடிகளுக்குப் பதில் சிறு கேமராக்கள், கதவின் உட்புறத்தில் திரைகள். காற்றுத் தடையைக் குறிக்கும் எண், அன்றைய வழக்கமான கார்களில் 0.3 அளவில் இருந்தது, இதில் 0.189. உடற்கூடு கார்பன் ஃபைபர், அதாவது கரியிழை. கரியிழைத் துணியைச் சூடான அச்சில் விரித்து, பிசினை அழுத்தத்தோடு உள்ளே செலுத்தி இறுகவிடுகிறார்கள். எஃகைவிட மிக லேசான, ஆனால் விறைப்பான கூடு கிடைக்கிறது.

தேவை இப்படிச் சுருங்கிய பிறகு எஞ்சினும் சுருங்கலாம். நான்கு சிலிண்டர் டீசல் எஞ்சினைப் பாதியாக வெட்டியது போல இரண்டு சிலிண்டர், 48 குதிரைத்திறன். கூடவே 27 குதிரைத்திறன் மின்மோட்டார். 5.5 யூனிட் மின்சாரம் கொள்ளும் சிறு பேட்டரியே இதை 50 கிலோமீட்டர் ஓட்டிவிடும். பிரேக் பிடிக்கும்போது மோட்டார் ஜெனரேட்டராக மாறி, வீணாகும் ஆற்றலில் ஒரு பகுதியை மின்சாரமாகத் திருப்பித் தருகிறது. கனமான காரில் இதே 50 கிலோமீட்டருக்கு இரண்டு மடங்கு பேட்டரி வேண்டியிருக்கும். அந்தப் பேட்டரியின் எடையைச் சுமக்க இன்னும் கொஞ்சம் பேட்டரி வேண்டியிருக்கும். ஓட்டைக் குடத்தை நிரப்ப நடைக்கு மேல் நடை நடப்பதைவிட ஓட்டையை அடைப்பது மேல்.

0.9 லிட்டர் என்பதே கண்கட்டு வித்தை என்று சொல்பவர்கள் உண்டு. அதில் நியாயம் இருக்கிறது. அன்றைய ஐரோப்பியச் சோதனை முறை, பேட்டரி தீர்ந்த பின் கார் 25 கிலோமீட்டர் மட்டுமே ஓடும் என்று வைத்துக்கொண்டு சராசரி போட்டது. சுவரில் செருகி ஏற்றிய மின்சாரம் அந்த லிட்டர் கணக்கில் வராது. 2015-இல் டீசல் புகைச் சோதனையில் இதே நிறுவனம் மென்பொருள் வைத்து ஏமாற்றியது அம்பலமான பிறகு, சோதனைக்கூட எண்களைச் சந்தேகிப்பது இன்னும் நியாயம். சரி, பேட்டரியை அடியோடு மறந்துவிட்டு நாமே கணக்குப் போடுவோம். 8.4 குதிரைத்திறன் என்பது சுமார் 6.2 கிலோவாட், ஒரு மணி நேரம் ஓடினால் 6.2 யூனிட். ஒரு லிட்டர் டீசலில் ஏறக்குறைய 10 யூனிட் ஆற்றல் இருக்கிறது. அதில் மூன்றில் ஒரு பங்கைத்தான் எஞ்சின் வேலையாக மாற்றும் என்று வைத்தாலும், 100 கிலோமீட்டருக்கு இரண்டு லிட்டருக்குள் முடிந்துவிடுகிறது. பெருமையில் பாதியைக் கழித்த பிறகும் மிஞ்சுவது பெரிதுதான்.

விலை பற்றிய ஆட்சேபம் இதைவிடக் கனமானது. சுமார் 1,11,000 யூரோ விலையில் 250 கார்கள் மட்டுமே திட்டமிடப்பட்டன. இரண்டே இருக்கைகள், பின்பக்கக் கண்ணாடி கிடையாது. இது குடும்பக் கார் ஆகாது என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். ஆனால் விலையை ஏற்றியதில் கரியிழைக்குப் பெரும் பங்கு உண்டு. ஒடுங்கிய உருவத்துக்கு அந்த அளவு செலவில்லை. தகட்டை எந்த வளைவில் வளைத்தாலும் தகட்டின் விலை ஒன்றுதான். அதனால் கரியிழைக் கூடு பணக்காரர்களின் காரோடு நின்றுவிட, உருவம் மட்டும் பயணத்தைத் தொடர்கிறது. 2022-இல் மெர்சிடிஸின் விஷன் ஈக்யூஎக்ஸ்எக்ஸ் என்ற சோதனைக் கார் ஜெர்மனியின் சிண்டெல்ஃபிங்கனிலிருந்து பிரான்சின் கடலோர ஊரான காசிஸ் வரை, ஒரே சார்ஜில் 1,000 கிலோமீட்டருக்கு மேல் ஓடியது. அதில் எஞ்சினும் இல்லை, டீசலும் இல்லை. காற்றுத் தடை எண் 0.17, பின்பக்கம் அதே போல ஒடுங்கிய வால்.