எழுதாச் சாசனம்: பிரிட்டன் தன் அரசியல் அமைப்பை ஏட்டில் எழுதவேண்டுமா?

1956-ஆம் ஆண்டில் ஐவர் கொண்ட ஒரு குழு மலாயாவுக்கு வந்தது. விடுதலை பெறவிருந்த இந்நாட்டுக்கு ஓர் அரசியல் சாசனம் வகுத்துத் தருவதே அதன் பணி. குழுவின் தலைவர் ரீட் பிரபு, பிரிட்டனின் பெரிய நீதிபதிகளுள் ஒருவர். சர் ஐவர் ஜென்னிங்ஸ் என்னும் பிரிட்டிஷ் சட்ட அறிஞரும் அதில் இருந்தார். ஆஸ்திரேலியா, இந்தியா, பாகிஸ்தான் ஆகிய நாடுகளிலிருந்து மற்ற மூவரும் வந்தனர். இவர்கள் தந்த வரைவைத் திருத்தி அமைத்ததே 1957-இல் நடப்புக்கு வந்த சாசனம். அச்சாசனமே நாட்டின் தலையாய சட்டம் என்றும், அதற்கு முரணாகப் பின்னர் இயற்றப்படும் சட்டம் முரண்பட்ட அளவுக்குச் செல்லாது என்றும் அதன் 4-ஆம் பிரிவு கூறுகிறது.

இதனைப் பாடமாகக் கேட்கும் மாணவன் ஒருவன் எழுந்து, "ஐயா, சாசனம் வகுத்துத் தந்தவர்களின் நாட்டிலே அத்தகைய சாசனம் எங்கே இருக்கிறது?" என்று வினவினால் ஆசிரியர் என்ன விடை கூறுவார்? அப்படி ஒரே ஏடாக எங்கும் இல்லை என்பதே உண்மையான விடை. பிறருக்கு எழுதித் தந்தவர்கள் தமக்கு எழுதிக்கொள்ளவில்லை. இது சரியா, இனியேனும் எழுதவேண்டுமா என்பது பிரிட்டனில் நெடுங்காலமாக நடந்துவரும் வாதம். அதனைச் சிறிது ஆராய்வோம்.

அமைப்பு வேறு, சாசனம் வேறு

அரசியல் அமைப்பு என்பது ஒரு நாடு ஆளப்படும் முறை. சாசனம் என்பது அம்முறையைக் கூறும் ஏடு. அமைப்பு இல்லாத நாடு இல்லை. ஏடு இல்லாத நாடுகள் சில உண்டு. தமிழாசிரியர்களுக்கு இவ்வேறுபாட்டை விளக்கவேண்டியதில்லை. இலக்கண நூல் தோன்றும் முன்னரே மொழி வழங்கிவந்தது. இலக்கணம் வழக்கினுள்ளேயே இருந்தது. பிரிட்டனின் அரசியலும் அத்தகையதே.

அதனை 'எழுதாச் சாசனம்' என்று கூறுவதும் முழுதும் பொருந்தாது. அதிற் பெரும்பகுதி எழுத்தில் உள்ளதே. 1215-இல் ஜான் மன்னன் இசைந்த மகா சாசனம், பாராளுமன்றத்தின் இசைவின்றி மன்னர் வரி விதிக்கலாகாது என்ற 1689-ஆம் ஆண்டு உரிமைச் சட்டம், பிரபுக்கள் சபையின் தடையதிகாரத்தைக் குறைத்த 1911, 1949-ஆம் ஆண்டுச் சட்டங்கள், 1998-ஆம் ஆண்டு மனித உரிமைச் சட்டம் ஆகிய யாவும் எழுதப்பட்டவையே. ஆனால் இவை ஒரு நூலாகத் தொகுக்கப்படவில்லை; மற்றச் சட்டங்களைவிட மாற்றுவதற்கு அரியவையாகவும் வைக்கப்படவில்லை. நாய் வளர்ப்புக்கு உரிமம் விதிக்கும் சட்டத்தை எம்முறையில் நீக்கலாமோ, அம்முறையிலேயே மனித உரிமைச் சட்டத்தையும் நீக்கலாம்.

எஞ்சியவை மரபுகள். பிரதமர் பதவியைத் தோற்றுவித்த சட்டம் எதுவும் இல்லை. அது வழக்கத்தில் வளர்ந்தது. பாராளுமன்றம் நிறைவேற்றிய மசோதாவுக்கு மன்னர் ஒப்புதல் மறுத்தது கடைசியாக 1708-இல். மறுக்கலாகாது என்று எந்தச் சட்டமும் கூறவில்லை. மறுப்பதில்லை என்ற மரபே கூறுகிறது. பிரதமர் மக்கள் சபையைச் சேர்ந்தவராக இருக்கவேண்டும் என்பதும் மரபே. அதனால்தான் 1963-இல் பிரதமரான ஹியூம் பிரபு தம் பிரபுப் பட்டத்தைத் துறந்து மக்கள் சபைக்கு வந்தார்.

பிரிட்டன் ஒருமுறை எழுதிப் பார்க்காமலும் இல்லை. மன்னராட்சியை ஒழித்த பின் 1653-இல் கிராம்வெல் காலத்தில் ஓர் ஆட்சிச் சாசனம் எழுதப்பட்டது. அது நான்காண்டுகளில் வேறொன்றுக்கு இடம்விட்டது. 1660-இல் மன்னராட்சி மீண்டபோது இரண்டும் மறைந்தன. பெரும்பாலும் நாடுகள் புரட்சியாலோ போர்த் தோல்வியாலோ விடுதலையாலோ புதிதாகத் தொடங்கும்போதே சாசனம் எழுதுகின்றன. 1689-க்குப் பின் பிரிட்டனுக்கு அத்தகைய தொடக்கம் வாய்க்கவில்லை.

எழுதவேண்டும் என்பார் கூற்று

மரபு நல்லோர் கையில் இருக்கும்வரை நல்லது. மீறத் துணிந்தவன் வந்தால் அதனைக் காப்பவர் யார் என்பது இவர்கள் வினா. மக்கள் சபையில் பெரும்பான்மை பெற்ற கட்சி எதையும் செய்யலாம் என்ற நிலையைத் தேர்தல் வழி வந்த சர்வாதிகாரம் என்று 1976-இல் ஹெய்ல்ஷம் பிரபு சாடினார். எழுதிய சாசனம் வேண்டும் என்றார். அப்போது அவர் கட்சி எதிர்க்கட்சி. 1979-இல் அக்கட்சி ஆட்சிக்கு வந்து அவரும் அமைச்சரானார், சாசனம் வரவில்லை. அதிகாரம் இல்லாதபோது வேண்டப்படும் வேலி, அதிகாரம் வந்தபின் வேண்டப்படுவதில்லை.

அண்மைக் காலத்தில் இவ்வினா கூர்மை பெற்றது. 2019-இல் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு விலகும் நாள் நெருங்குகையில், பிரதமர் போரிஸ் ஜான்சனின் ஆலோசனைப்படி பாராளுமன்றக் கூட்டத்தொடர் ஐந்து வாரம் நிறுத்திவைக்கப்பட்டது. எத்தனை நாள் நிறுத்தலாம் என்று எச்சட்டமும் கூறவில்லை. செப்டம்பர் 24-இல் உச்ச நீதிமன்றத்தின் 11 நீதிபதிகளும் ஒருமனதாக அச்செயல் சட்டத்துக்கு மாறானது என்று தீர்த்தனர். எல்லை எது என்பது மீறிய பின்னரே தெரியவந்தது. ஏட்டில் இருந்திருப்பின் முன்பே தெரிந்திருக்கும் என்பது இவர்கள் வாதம்.

வேண்டா என்பார் கூற்று

எழுத்து இறுகும் தன்மையது என்பர் மறுதரப்பார். அமெரிக்காவில் 1791-இல் சேர்க்கப்பட்ட ஆயுத உரிமை இன்றும் நிற்கிறது. அதனை மாற்ற, பாராளுமன்றத்தின் இரு சபைகளிலும் மூன்றில் இரு பங்கினர் முன்மொழிந்தபின், 50 மாநிலங்களில் 38 இசையவேண்டும். பிரிட்டனிலோ 1996-இல் ஸ்காட்லாந்துப் பள்ளி ஒன்றில் குழந்தைகள் சுடப்பட்டு மாண்டதை அடுத்து, 1997-இலேயே சட்டம் இயற்றிக் கைத்துப்பாக்கிகளைத் தடுத்தனர். மேலும், சாசனம் எழுதினால் அதன் பொருளை உரைக்கும் கடைசி அதிகாரம் நீதிபதிகளிடம் செல்லும். மக்கள் தேர்ந்தெடுக்காதவர்கள் மக்கள் தேர்ந்தெடுத்தவர்களைத் தடுப்பதா என்றும் வினவுவர்.

ஏட்டுச் சுரைக்காய்

இவ்விரு தரப்பும் மறக்கலாகாத ஒன்று உண்டு. எழுதினால் மட்டும் காப்பு வந்துவிடாது.

பிரிட்டனிலேயே சான்று உண்டு. ஸ்காட்லாந்தின் அதிகாரத்துக்குட்பட்ட பொருள்களில் அதன் பாராளுமன்றத்தின் இசைவின்றி லண்டன் 'வழக்கமாக' சட்டம் இயற்றாது என்ற மரபு 2016-இல் சட்டத்தில் எழுதப்பட்டது. 2017-இல் உச்ச நீதிமன்றம், எழுதப்பட்டாலும் அது மரபே, நீதிமன்றம் அதனை நிறைவேற்றித் தர இயலாது என்றது. 2020-இல் ஸ்காட்லாந்து, வேல்ஸ், வட அயர்லாந்து ஆகிய மூன்றின் சபைகளும் இசைவு மறுத்தும் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு விலகும் சட்டம் நிறைவேறியது.

இதனினும் துயரமான சான்று தமிழர் அறிந்தது. ஜென்னிங்ஸ் ஆலோசகராய் இருந்து உருவான இலங்கைச் சாசனத்தின் 29-ஆம் பிரிவு, ஒரு சமூகத்தாருக்கு மட்டும் இடர் விளைக்கும் சட்டத்தை விலக்கியிருந்தது. ஆயினும் விடுதலை பெற்ற 1948-ஆம் ஆண்டிலேயே வந்த குடியுரிமைச் சட்டம் தோட்டத் தமிழருள் மிகப் பலரை நாடற்றவராக்கியது. அச்சட்டம் எந்தச் சமூகத்தின் பெயரையும் கூறவில்லை. வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரை சென்றது. 1953-இல் சட்டம் செல்லும் என்றே தீர்ப்பாயிற்று. 1972-இல் புதிய சாசனம் எழுதப்பட்டபோது அப்பிரிவும் மறைந்தது. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்ற பழமொழியின் பொருளை அம்மக்கள் தம் வாழ்வில் கண்டனர்.

உண்மையான வினா

அப்படியாயின் எழுதுவதாற் பயனில்லையா? உண்டு. பிரிவு ஒன்று இருந்ததாலேயே அவர்கள் வழக்காடவேனும் முடிந்தது. எழுத்துக்கு அப்பால் வேறொன்றும் வேண்டும் என்பதே இதனாற் பெறும் பாடம். அதனை எவர், எம்முறையில் மாற்றலாம் என்ற விதியே அது.

பிரிட்டனில் 2011-இல் இயற்றிய சட்டம் ஒன்று, முன்கூட்டித் தேர்தல் நடத்தும் தீர்மானத்துக்கு மக்கள் சபையின் 650 பேரில் 434 பேர் இசையவேண்டும் என்றது. 2019 அக்டோபர் 28-இல் அத்தகைய தீர்மானத்துக்கு 299 வாக்குகளே கிடைத்தன. மறுநாள் சாதாரணப் பெரும்பான்மையே போதுமான வேறொரு மசோதாவைக் கொண்டுவந்து, 438 வாக்குகளால் நிறைவேற்றித் தேர்தல் நடத்தினர். அந்நாளில் வாக்குகள் மிகுந்தது தற்செயல். சட்டப்படி ஒரு வாக்கு மிகுந்தாலே போதும். 2022-இல் அப்பழைய சட்டமும் நீக்கப்பட்டது. பூட்டு ஒன்று செய்து, திறவுகோலை அதன்மேலேயே தொங்கவிட்டாற்போல் ஆயிற்று.

2014-இல் மக்கள் சபையின் குழு ஒன்று மூன்று வழிகளைக் காட்டியது. சட்ட வலுவில்லாத ஒரு கோவையாகத் தொகுப்பது ஒன்று. உள்ளவற்றை ஒரே சட்டமாகத் திரட்டுவது மற்றொன்று. முழுச் சாசனமே எழுதுவது மூன்றாவது. திரட்டுதல் அரிய செயலன்று. சிங்கப்பூர் 1965-இல் தனிநாடான பின், பல சட்டங்களிற் பரவிக் கிடந்த தன் சாசனத்தை 1980-இல் ஒரே ஏடாக்கியது. முழுச் சாசனமின்றியும் பூட்டிடலாம் என்பதற்கு நியூஸிலாந்து சான்று. அங்குத் தேர்தல் சட்டத்தின் முக்கியப் பிரிவுகளை மாற்றப் பாராளுமன்றத்தில் நான்கில் மூன்று பங்கினர் வேண்டும். அன்றேல் மக்கள் வாக்கெடுப்பு வேண்டும்.

பிரிட்டன் இவ்வழியே செல்வது தக்கது என்பது நம் கருத்து. உள்ளவற்றைத் திரட்டி, முதன்மையான மரபுகளை எழுதி, அவற்றை மாற்றுதற்கு அரிய முறை ஒன்றையும் விதிக்கவேண்டும். அவ்வாறு செய்தால் குடிமகன் தன் உரிமையை அறிவான். ஒரு நாட் பெரும்பான்மை அதனை அழித்துவிட முடியாது.

மாணவருக்குச் சாசனத்தின் 4-ஆம் பிரிவைக் காட்டும் ஆசிரியர்கள், திருத்தத்துக்கு இரு சபைகளிலும் மொத்த உறுப்பினருள் மூன்றில் இரு பங்கினர் வேண்டும் என்ற பொதுவிதியைக் கூறும் 159-ஆம் பிரிவையும் உடன் காட்டுவார்களாக. முதற் பிரிவு சாசனத்தின் பெருமையைக் கூறுகிறது. பிற்பிரிவு அப்பெருமை எத்துணை உறுதியானது என்பதைக் கூறுகிறது.