பட்டில் ஒரு பெண்முகம்

எட்டாம் வகுப்பில் கைத்தொழில்களைப் பற்றிய பாடத்தின்போது ஒரு பட்டுச் சேலையின் நிழற்படத்தை மாணவர்களிடம் காட்டினேன். அதில் இசைக்கருவிகளோடு அமர்ந்திருக்கும் பெண்களின் உருவங்கள் இருந்தன. "டீச்சர், இது எவ்வளவு?" என்பது முதல் கேள்வி. "பெயிண்ட் அடிச்சதா?" என்பது இரண்டாவது. கடைசி வரிசையிலிருந்து ஒரு மாணவி, "இதை யார் நெய்தாங்க?" என்றாள். முதல் கேள்விக்கு ரூபாய்க் கணக்கில் விடை சொல்ல முடிந்தது. இரண்டாவதற்கு ஒரு பாடவேளை தேவைப்பட்டது. மூன்றாவதற்கு என்னிடம் விடை இல்லை.

அந்தச் சேலை தி சென்னை சில்க்ஸ் நிறுவனம் உருவாக்கிய 'விவாகப் பட்டு'. ஓவியர் ராஜா ரவி வர்மாவின் 11 ஓவியங்கள் அதில் இடம்பெற்றுள்ளன. 2008 ஜனவரி 5 அன்று 39,31,627 ரூபாய்க்கு விற்கப்பட்டு, உலகின் மிக விலையுயர்ந்த சேலை என்று கின்னஸ் பதிவில் இடம்பெற்றது. தியாகராய நகர் கடைவீதிகளில் பெற்றோரின் கைபிடித்து நடந்த நம் மாணவர்களுக்கு விலைக் கேள்வி முதலில் தோன்றுவது இயல்பே. மற்ற இரண்டு கேள்விகளுக்கும் அவர்களை அழைத்துச் செல்வது நம் பணி.

தீட்டுவது ஒரு வழி

பட்டுப்புழுவின் கூட்டிலிருந்து எடுக்கும் இழையின் உட்பகுதி ஃபைப்ராயின், மேற்பூச்சு செரிசின் என்னும் பிசின். சோப்பு நீரில் கொதிக்கவைத்தால் பிசின் நீங்கிப் பளபளப்பு வெளிப்படும். இழையின் குறுக்குவெட்டு ஏறக்குறைய முக்கோண வடிவில் இருப்பதால் அது ஒளியைப் பல கோணங்களில் திருப்பி அனுப்புகிறது.

இத்தகைய பட்டில் தூரிகையை வைத்தால் சாயம் பரவி ஓடிவிடும். முகம் வரைய விரும்புபவர் முதலில் இந்த ஓட்டத்தை நிறுத்த வேண்டும். ஒரு வழி, மெழுகால் கோடிட்டு அணை கட்டுவது. சாயம் அந்தக் கோடு வரை ஓடி நின்றுவிடும். பத்திக் கலையின் அடிப்படையும் இதுவே. மற்றொரு வழியைச் சீன ஓவியர்கள் கண்டனர்: படிகாரமும் பசையும் கலந்த நீரைப் பட்டின் மேல் பூசிக் காயவிட்டு, அதன்மேல் தீட்டினர்.

பட்டில் தீட்டிய பெண் உருவத்துக்கு ஒரு பழமையான சான்று சீனாவின் மாவாங்துயி கல்லறையில் 1972-இல் கிடைத்தது. சுமார் 2,200 ஆண்டுகளுக்கு முற்பட்ட அந்தப் பட்டுத் திரையின் நடுவில், 'தாய் சீமாட்டி' என்று அழைக்கப்படும் மூதாட்டி கோலூன்றி நிற்கிறார். பட்டுக்கு வெளிச்சமும் ஈரமும் பகை. கரியும் வெண்களிமண்ணும் சுற்றி அடைத்திருந்த கல்லறைக்குள் காற்றும் ஒளியும் புகாததால்தான் அது தப்பியது. பாட்டியின் கல்யாணச் சேலையை ஏன் வெயிலில் நேராகக் காயவைக்கக் கூடாது என்பதற்கும் இதுவே காரணம்.

நெய்வது மறுவழி

விவாகப் பட்டில் உள்ள முகங்கள் தறியில் உருவானவை. நெசவில் வளைகோடு கிடையாது. பாவு நூலும் ஊடை நூலும் சந்திக்கும் ஒவ்வொரு புள்ளியிலும் எது மேலே வரும், எது கீழே போகும் என்ற ஒரே தீர்மானம்தான் உண்டு. எனவே ஓவியத்தை முதலில் கட்டத்தாளில் வரைகிறார்கள். ஒவ்வொரு கட்டமும் ஒரு தீர்மானம்.

இந்தத் தீர்மானங்களைத் துளையிட்ட அட்டைகளில் சேமிக்கும் பொறியை, பிரான்சின் ஜோசப் மேரி ஜக்கார்ட் 1804-இல் உருவாக்கினார். துளை இருந்தால் கொக்கி நூலைத் தூக்கும், இல்லையேல் தூக்காது. பின்னர் அவருடைய உருவப்படத்தையே சுமார் 24,000 அட்டைகளைக் கொண்டு பட்டில் நெய்தனர். அதில் ஒன்றைத் தம்மிடம் வைத்திருந்த சார்லஸ் பாபேஜ், தம் கணிப்பொறித் திட்டத்தில் துளையட்டை முறையைச் சேர்த்தார். கணினியின் 0, 1 என்ற மொழிக்குத் தறியோடு உறவு உண்டு என்று சொன்னபோது, வகுப்பில் தூங்கி விழுந்துகொண்டிருந்தவர்களும் நிமிர்ந்தனர்.

தறியின் மறுபக்கம்

இனி மூன்றாவது கேள்வி. காஞ்சிபுரத்தின் சிறப்பான கோர்வை முறையில் சேலையின் உடலும் கரையும் தனித்தனி நாடாக்களால் நெய்து பிணைக்கப்படுகின்றன. நெசவாளர் ஒருவரால் எல்லா நாடாக்களையும் கையாள முடியாது. மறுபக்கக் கரைக்கு ஒரு துணையாள் வேண்டும். நெடுங்காலம் அந்த இடத்தில் சிறுவர்களும் சிறுமிகளும் அமர்ந்திருந்தனர். பெற்றோர் வாங்கிய முன்பணத்துக்காகத் தறியில் கட்டுண்டவர்களும் அவர்களில் உண்டு. பள்ளியில் காலியாகக் கிடந்த இடமும் தறியில் நிரம்பிய இடமும் ஒரே குழந்தையுடையவை.

1986-ஆம் ஆண்டின் குழந்தைத் தொழிலாளர் சட்டம், 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், 14 வயதுக்குட்பட்டோரை வேலைக்கு அமர்த்துவதை எல்லாத் தொழில்களிலும் தடுத்த 2016-ஆம் ஆண்டின் திருத்தம் ஆகியவை நிலைமையை மாற்ற உதவின. எனினும் பள்ளி நேரத்துக்குப் பிறகு குடும்பத் தொழிலில் உதவச் சட்டம் இடமளிக்கிறது. அந்த உதவி எப்போது பள்ளி நேரத்துக்குள் நுழைகிறது என்பதை முதலில் காட்டுவது நம் வருகைப் பதிவேடே. சென்னையில் தறிகள் இல்லாமல் இருக்கலாம். தீபாவளிக்கு முந்தைய வாரங்களில் கடைவீதியை ஒட்டிய பள்ளிகளின் பதிவேட்டில் இடைவெளிகள் விழுந்தால், அவற்றைக் கேள்வி கேட்காமல் கடந்துவிடக் கூடாது.

வகுப்பறையில் செய்து பார்க்க

கட்டம் போட்ட நோட்டில் 20க்கு 20 கட்டங்களில் ஒரு முகத்தை வரைந்து, கோடு செல்லும் கட்டங்களைக் கருப்பாக்கச் சொல்லுங்கள். ஒருவர் தம் படத்தைக் காட்டாமல் வரிசை வரிசையாக "துளை, துளையில்லை" என்று வாசிக்க, அருகிலிருப்பவர் அதைக் கேட்டே நிரப்பட்டும். பின்பு அதே முகத்தை 40க்கு 40இல் வரையட்டும். பக்கம் இரு மடங்கானால் கட்டங்கள் 400-லிருந்து 1,600 ஆகும் என்ற கணக்கும், முகம் தெளிவாவதற்கு உழைப்பு எத்தனை மடங்காகிறது என்ற உணர்வும் ஒன்றாகக் கிடைக்கும். தொடக்க வகுப்புகளுக்கு 8க்கு 8 போதும், ஒரு பூ வரையலாம்.

இறுதியில் படத்தின் கீழே மூன்று பெயர்களை எழுதச் செய்யுங்கள்: படத்தில் இருப்பவர், வரைந்தவர், நிரப்பியவர். என் வகுப்பில் அந்த மாணவி மூன்றாவது பெயரை மட்டும் பெரிய எழுத்தில் எழுதியிருந்தாள். அது அவள் தோழியின் பெயர்.