மேகத்தை ஊடுருவி நெற்பயிரைக் கணக்கிடும் முறை

எவ்வளவு நஞ்சை நடவாயிற்று, எவ்வளவு வெள்ளத்தில் அழிந்தது என்னும் கணக்குச் சரியாக இருந்தாலன்றிப் பயிர்க் காப்பீட்டின் நஷ்டஈடு உரியவரைச் சேராது. வடகிழக்குப் பருவ காலத்தில் வானம் மேகத்தால் மூடியிருப்பதால், ஒளியைக் கொண்டு படமெடுக்கும் துணைக்கோள்கள் இதற்கு உதவுவதில்லை.

ஐரோப்பிய விண்வெளி நிறுவனம் 2014-ஆம் ஆண்டு ஏப்ரலில் ஏவிய சென்டினல்-1ஏ என்னும் துணைக்கோள் ரேடார் அலைகளைப் பூமியின்மீது செலுத்தி, திரும்பி வருவனவற்றை அளப்பதாகும். மேகமும் இரவும் அதற்குத் தடையல்ல. அது 12 நாட்களுக்கு ஒருமுறை அதே பாதையில் வருமாறு அமைக்கப்பட்டது.

நடவுக்கு நீர் கட்டிய வயல், கண்ணாடியைப்போல் அலைகளை அப்பால் தள்ளுவதால் படத்தில் கருமையாகத் தோன்றும். பயிர் தூர்கட்டி வளர வளர அவ்விடம் வெளுத்துவரும். இம்மாறுதலைக்கொண்டு நடவுக் காலத்தையும் பரப்பையும் மதிப்பிடலாம். கோயம்புத்தூர்த் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம், சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்துடன் கூடி இம்முறையை ஆராய்ந்துள்ளது.

எனினும் இப்படத்தின் நுட்பம் சுமார் 20 மீட்டர். அஃதாவது ஏறக்குறைய 10 சென்ட் நிலம். அதனினும் சிறிய வயல்கள் அண்டை வயல்களோடு கலந்து தோன்றும். மேலும், வயல் யாருடையது என்பதைத் துணைக்கோள் அறியாது. அதனைக் கூறுவது அடங்கலே.

ஆகவே, கிராம அதிகாரிகள் வயலை நேரிற் கண்டே அடங்கல் எழுதுதல் வேண்டும். நிலமுடையோர் புல எண், பயிர், பரப்பு ஆகியவை பிழையின்றிப் பதிவாகியுள்ளனவா என்பதைப் பயிர் வயலில் நிற்கும்போதே பார்த்துக்கொள்வது நலம். வெள்ளம் வந்தபின் திருத்துவது அரிது.