திருவில்லிபுத்தூர் ஆண்டாள் கோயில் கட்டடக்கலை

திருவில்லிபுத்தூர் ஆண்டாள் கோயில், தமிழ்நாட்டின் விருதுநகர் மாவட்டத்தில், சிவகாசியிலிருந்து சுமார் 20 கி.மீ. தொலைவில் அமைந்துள்ள வைணவத் தலமாகும். 108 திவ்ய தேசங்களுள் ஒன்றான இது, பெரியாழ்வாரும் ஆண்டாளும் அவதரித்த தலமாகப் போற்றப்படுகிறது. இக்கோயில் ஒரே காலத்தில் எழுந்ததன்று; பல நூற்றாண்டுகளாகப் படிப்படியாக வளர்ந்ததாகும்.

அமைப்பு

இங்கு இரண்டு கோயில்கள் உள்ளன. வடகிழக்கில் வடபத்ரசாயி கோயிலும், தென்மேற்கில் ஆண்டாள் கோயிலும் அமைந்துள்ளன. ஆண்டாள் கண்டெடுக்கப்பட்டதாகக் கூறப்படும் நந்தவனம் இவற்றுக்கு இடையே உள்ளது. வடபத்ரசாயி கோயில் இரண்டு தளங்களைக் கொண்டது. கீழ்த்தளத்தில் நரசிம்மரும், மேல்தளத்தில் பள்ளிகொண்ட பெருமாளும் எழுந்தருளியுள்ளனர். மேல்தள மண்டபத்தின் தேக்குமரக் கூரை வேலைப்பாடு குறிப்பிடத்தக்கது.

இராசகோபுரம்

வடபத்ரசாயி கோயிலின் இராசகோபுரம் 11 நிலைகளையும் சுமார் 192 அடி உயரத்தையும் உடையது. பாண்டியன் வல்லபதேவன் அவையில் வென்ற பொற்கிழியைக் கொண்டு பெரியாழ்வார் இதனைக் கட்டினார் என்பது மரபு. எனினும் இன்றுள்ள கோபுரத்தின் அமைப்பு பிற்காலத்தையே காட்டுகிறது. முற்காலப் பாண்டியர் பணிகளாக இவ்வட்டாரத்தில் எஞ்சியிருப்பவை மூவரைவென்றான், செவல்பட்டி போன்ற சிறு குடைவரைக் கோயில்களாகும். சோழர் காலத்திலும் கருவறை மீதமைந்த விமானமே உயர்ந்து நின்றது. 1010-இல் நிறைவுற்ற தஞ்சைப் பெரிய கோயில் இதற்குச் சான்று. வாயிற்கோபுரம் விமானத்தைவிட உயர்ந்தது பின்னரே. 11 நிலைக் கோபுரங்கள் விஜயநகர, நாயக்கர் காலப் பாணிக்கு உரியவை. கிருஷ்ணதேவராயர் காலத்தில் தொடங்கப்பட்ட திருவண்ணாமலைக் கிழக்குக் கோபுரமும் இத்தகையதே. மதுரைக் கோபுரங்களைப் போலன்றி, இக்கோபுரத்தில் சுதைச் சிற்பங்கள் மிகக் குறைவு.

மண்டபங்கள்

ஆண்டாள் கோயில் மண்டபத் தூண்களில் வீரபத்திரர், கர்ணன், அருச்சுனன் முதலிய பெரிய உருவங்கள் தூணோடு சேர்த்து ஒரே கல்லில் செதுக்கப்பட்டுள்ளன. இவையும் விஜயநகர, நாயக்கர் காலப் பாணியைச் சேர்ந்தவை. மதுரையை ஆண்ட திருமலை நாயக்கர் (1623–1659) இங்குத் திருப்பணிகள் செய்ததோடு, இவ்வூரில் அரண்மனை ஒன்றையும் கட்டினார்.

அரசுச் சின்னம்

1949-இல் உருவாக்கப்பட்ட தமிழக அரசுச் சின்னத்தில் இடம்பெற்றிருப்பது இக்கோயிலின் கோபுரமே எனப் பரவலாகக் கருதப்படுகிறது. சின்னத்தை வரைந்தவர் ஓவியர் கிருஷ்ணா ராவ். அது மதுரை மீனாட்சியம்மன் கோயிலின் மேற்குக் கோபுரம் என்ற கருத்தும் உண்டு.